ஒரு தையல் குறைந்த பூ

பட்டுச் சேலைக்கு பார்டர் வரைவதுதான் என் பிழைப்பு. ஆரணியில் தணிகாசலம் டிசைன் என்றால் கொஞ்சம் பேர் உண்டு. அந்தப் பேரை வாங்கித் தந்த பூ நானாக வரைந்ததல்ல, திருடியது. எழுபத்தொன்பதில் ஊட்டி மார்க்கெட் வாசலில் ஒரு தோடர் அம்மாள் பூத்தையல் சால்வை விற்றாள். வாங்குகிறவன் மாதிரி அரைமணி நேரம் பேரம் பேசிக்கொண்டே தையல்களை எண்ணி மனசில் ஏற்றிக்கொண்டு, சால்வையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒரு இதழில் ஒரு தையல் குறைந்திருந்தது. அதுவும் ஓர் அழகு என்று அப்படியே வரைந்தேன்.

நான்கு வருஷம் கழித்து என் மனைவி குணசுந்தரி ஊட்டி பார்க்க ஆசைப்பட்டாள். போதாததற்கு அந்தப் பூ போட்ட சேலையையே கட்டிக்கொண்டு வந்தாள். மார்க்கெட் வாசலில் அதே அம்மாள் ஓடிவந்து முந்தானையைப் பிடித்தாள். நல்லவேளை, என்னை அடையாளம் தெரியவில்லை என்று சந்தோஷப்பட்டேன். அப்பேர்ப்பட்ட ஆள் நான்.

“இது என் பொண்ணு பூ. அவதான் இந்த எடத்துல ஒரு தையல் விடுவா. கீழே இருந்து வந்த ஒருத்தனோட போயி மூணு வருஷம் ஆச்சு. எங்கே இருக்கா?”

“எங்க ஊரு ஆரணிலதாம்மா இத நெய்யறாங்க. நா தேடிச் சொல்றேன்” என்றாள் குணசுந்தரி. அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். மனைவி எதிரில் திருடனாக வெட்கம். அந்த அம்மாள் கேட்டதும் எங்கள் விலாசத்தை மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

ஊர் திரும்பியதும் குணசுந்தரி தறி வீடு தறி வீடாக விசாரித்தாள்.

“பேஜாரா கீதுங்க, ஒருத்தருக்கும் தெரியலியாம். நீங்களும் நாலு பேரைக் கேளுங்களேன்.”

கேட்டேன் என்று பொய் சொன்னேன்.

இரண்டு மாதத்தில், யாரையோ எழுதச் சொல்லி அந்த அம்மாள் அனுப்பிய கார்டு வந்தது. ‘பூ அங்கே இருந்தால் மகளும் அங்கேதான் இருப்பாள். வியாழக்கிழமை வருகிறேன். எனக்குக் கோபம் இல்லை என்று மகளிடம் சொல்லுங்கள்.’ வழிச்செலவுக்கு ஓர் எருமையை விற்றாளாம். தோடர்களுக்கு எருமை சாமி மாதிரி.

அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். குணசுந்தரி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“அவங்க எறங்கும்போது நீங்களே சொல்லுங்க. நா எந்த மூஞ்சிய வச்சிகினு வர்றது?”

வியாழக்கிழமை வேலூர் பஸ் வந்தது. அந்த அம்மாள் இறங்கி என்னைக் கும்பிட்டாள். சிரித்த முகத்தோடு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

“எங்கே அவ? அம்மா எதிர்ல வர வெக்கமா?”