தெளிந்த திரை

சேதுபதிக்குத் தன் புரோகிராமின் மேல் இருந்த நம்பிக்கை கொஞ்சநஞ்சமல்ல. கல்யாணப் பத்திரிகை தயாரிக்க, காரைக்குடிப் பக்கத்து அச்சகங்களுக்கென்று பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அவன் தனியாளாக எழுதியது அது. அதில் தட்டச்சு செய்வதில் அவன் மனைவி சந்திரலேகாவை மிஞ்ச ஆள் கிடையாது. செட்டியார் வீட்டுப் பத்திரிகை என்றால் சும்மாவா? ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் பாட்டன், முப்பாட்டன் என்று தலைப்பெழுத்துகள் ரயில்பெட்டி மாதிரி வரிசைகட்டி நிற்கும். விலாசம் என்பார்கள். அதில் ஓர் எழுத்து விட்டுப்போனால் மனிதர் வேறு வீட்டுக்காரராகிவிடுவார்; பத்திரிகைக் கட்டு அப்படியே திரும்பி வரும். சந்திரலேகா அடித்த கட்டு ஒன்றுகூடத் திரும்பியதில்லை.

சித்திரையில் பழைய மானிட்டர் உயிரை விட்டது. பெரிய 4கே மானிட்டராக வாங்கி வந்தான். புரோகிராமைத் திறந்தால் எழுத்தெல்லாம் தண்ணீர் பட்ட மை மாதிரி மங்கிக் கிடந்தது. இத்தனை நுணுக்கமான திரை வரும் என்று பன்னிரண்டு வருஷத்துக்கு முன் யார் கண்டது? சின்னப் போட்டோவை இழுத்துப் பெரிதாக்குவது போல விண்டோஸ் அதை இழுத்துக் காட்டியது. திருப்பத்தூர் அச்சகத்து வள்ளியப்பனும் புது மானிட்டர் வாங்கிவிட்டு இதே புகாரைச் சொன்னார்.

வைகாசியில் சந்திரலேகா அடித்த இரண்டு கட்டுகள் திரும்பி வந்தன. அவள் அக்கா மதுரைக்குக் கண் பரிசோதனைக்குப் போவதாகவும், தானும் கூடப் போய் வரட்டுமா என்றும் கேட்டாள். சேதுபதி சிரித்தான்.

"கண்ணுல ஒண்ணும் இல்ல லேகா. கோளாறெல்லாம் நான் எழுதுனதுலதான். சரி பண்ணிர்றேன்."

பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டதில் ஐயாவுக்குப் பெருமை வேறு. அவளும் நம்பினாள். அக்கா மட்டும் போய் வந்தாள்.

வேலை லேசில் முடியவில்லை. பெரிய திரையை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று புரோகிராமை விண்டோஸிடம் சொல்ல வைத்தான். மங்கல் போயிற்று; ஆனால் எழுத்துகள் எள்ளாகச் சிறுத்துப்போயின. ஒவ்வொரு பட்டனின் நீளத்தையும் அகலத்தையும் எண்களாக அடித்து வைத்திருந்தான். அத்தனையையும் தேடிப் பிடித்து, திரைக்குத் தக்கபடி பெருக்கும்படி மாற்ற வேண்டியிருந்தது. ஒன்றரை மடங்கில் ஒழுங்காக இருந்தது இரண்டு மடங்கில் வெட்டுப்பட்டது. மாற்றம் முழுதாய் முடியும்வரை அவள் பழைய புரோகிராமிலேயே மூக்கு திரையில் இடிக்க உட்கார்ந்து அடித்தாள்.

அதே மானிட்டரில் இணையப் பக்கங்கள் பளிச்சென்று தெரிந்தன. அது அவளுக்கும் தெரிகிறதா என்று இந்தப் புத்திசாலிக்குக் கேட்கத் தோன்றவில்லை. போனில் தட்டி அனுப்புவதை விட்டுவிட்டு அவள் குரல் பதிவாகவே அனுப்பினாள். சோம்பேறி என்று கேலி செய்தான்.

ஐப்பசியில் ஒரு காலை, திருத்தி அனுப்பிய புரோகிராமைப் போட்டுப் பார்த்துவிட்டு வள்ளியப்பன் போன் செய்தார். எழுத்து கண்ணாடி மாதிரி இருக்கிறதாம். சேதுபதி தலைகால் புரியாமல் சந்திரலேகாவை இழுத்து வந்து மானிட்டர் முன் உட்கார்த்தினான்.

"வாசி பாப்போம்."

அவள் தடங்கல் இல்லாமல் வாசித்தாள். அமராவதிபுதூர், விலாசம், மாப்பிள்ளை பெயர், முகூர்த்த நேரம். ஓர் எழுத்துப் பிசகவில்லை.

திரையில் இருந்தது கண்டரமாணிக்கத்து அறுபதாம் கல்யாணப் பத்திரிகை. அமராவதிபுதூர்ப் பத்திரிகை முந்தின நாள் அவள் அடித்தது. மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சேதுபதி அன்றைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினான்.

டாக்டர் வெகுநேரம் பார்த்தார். சர்க்கரை பல வருஷமாக இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. இரண்டு விழித்திரையிலும் நடுப்பகுதி பாழாகிவிட்டது. ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் பெரும்பகுதியைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். இனி ஊசி போட்டு மிச்சத்தை நிறுத்தி வைக்கலாம், போனது போனதுதான்.

வெளியே படியில் உட்கார்ந்தார்கள். நேற்றைய பத்திரிகையை ஏன் ஒப்பித்தாய் என்று கேட்டான்.

"ஆறு மாசமா அதுலயே கெடந்தீக," என்றாள். "மூஞ்சி தெரியல. ஆனா குரல்ல அம்புட்டுச் சந்தோசம். இன்னும் மங்கலாத்தான் இருக்குன்னு எப்புடிச் சொல்ல?"

அவன் தலையில் அடித்துக்கொண்டான். போகிறேன் என்றவளைத் தடுத்தது தன் வாய்தானே என்று அழுதான். அவள் தடவித் தேடி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மத்தவுகளுக்கெல்லாம் நல்லாத் தெரியுதுல்ல?"

"தெரியுது," என்றான் சேதுபதி.