பூட்டிய கடையின் சாமி

ஈப்போ நகரில் தினேஸ்வரியின் தையல்கடைக்குப் பக்கத்துக் கடை பதினோரு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. அதைப் பார்த்து அடுத்தது, அதற்கடுத்தது என்று எட்டுக் கடை வரிசையில் ஐந்து பூட்டிக்கொண்டன. பூட்டிய கதவின் முன் குப்பைப் பைகள் குவிந்தன. குடித்துவிட்டு வருகிறவர்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். ரவிக்கை தைக்க வரும் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். பிறகு வராமலே போனார்கள். நகராண்மைக் கழகத்துக்கு எழுதிப் பார்த்தாள். பலனில்லை.

ஒருநாள் கால்வாயோரம் கிடந்த கல்லொன்றைக் கழுவி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து அந்தக் கதவடியில் நிறுத்தினாள். பக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழம். மறுநாளிலிருந்து குப்பை விழவில்லை. சாமி இருக்கிற இடத்தில் யார் ஒதுங்குவார்கள்? தன் சாமர்த்தியத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

அந்தச் சிரிப்பு நாலு மாதம்தான் நிலைத்தது. லோரி ஓட்டும் அர்ச்சுனனுக்கு லாட்டரியில் நம்பர் அடித்தது. கல்லைக் கும்பிட்ட பலன் என்றான். சூலம் வந்தது, தகரக் கூரை வந்தது, முனியாண்டி என்று பெயரும் வந்தது. யார் வைத்த கல் என்ற பேச்சு எழும்போதெல்லாம் தினேஸ்வரி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் ஆலிஸ் வந்தாள். பக்கத்து ஊரான லகாட்டில் வீட்டிலேயே கேக் சுட்டு விற்றவள். அந்தக் கடையை எடுத்து பேக்கரி வைக்க ஆசைப்பட்டாள். அவள் திறந்தால் கடைசிக் கடையைத் தான் எடுப்பதாக முடிவெட்டும் ஜெயபாலனும் சொல்லியிருந்தார். ஆனால் கதவைத் திறக்கச் சாமியை நகர்த்த வேண்டும். நகர்த்தினால் ரத்தம் கக்குவார்கள் என்றான் அர்ச்சுனன்.

ஆலிஸ் தையல்கடைக்குள் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, நீங்க பக்கத்துலயே இருக்கீங்க. இத யாரு வெச்சா, தெரியுமா?"

"தெரியலையே லா," என்றாள் தினேஸ்வரி. சொன்ன வாய் அன்று சோறு இறங்க விடவில்லை.

இரண்டு வாரம் பொறுத்து, வெள்ளிக்கிழமை பூசையில் எல்லார் முன்னும் உண்மையைச் சொன்னாள். குப்பைக்காக வைத்த கல், சாமி இல்லை என்றாள். யாரும் திட்டவில்லை.

"அக்கா, அந்தக் கல்ல ஒங்க கண்ணுல காட்டுனது யாரு?" என்றான் அர்ச்சுனன். "அவருதானே. பேசாம துன்னூறு பூசிக்குங்க லா."

முதல் திருநீறு அவளுக்கே கிடைத்தது.

வீட்டுக்குப் போய் ஆலிஸைத் தொலைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள். ஆலிஸ் காம்பார் ஊரில் வேறு கடை பேசி முடித்திருந்தாள்.

"அன்னைக்கு நான் கேட்டேனே அக்கா," என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் மத்தியான வெயிலில் தெரு காலியாக இருந்தபோது, கல்லை எடுத்துக் கால்வாயில் போட்டுவிடுவதென்று போனாள். கூரைக்கடியில் குனிந்தாள். அப்போதுதான் காலில் தரை சுட்டது. செருப்பு இரண்டும் சூலத்துக்கு வெளியே தெருப் பக்கம் ஒழுங்காகக் கிடந்தன. எப்போது கழற்றினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கல்லைத் தொடாமல் நிமிர்ந்தாள்.