நொடிக்கு இரண்டு அடி

கணிதத் துறைக்கும் நூலகத்துக்கும் நடுவே இருந்த இரும்பு நடைபாலம் எப்போதாவது ஆடும். ஏன் என்று யாரும் தலையை உடைத்துக்கொள்ளவில்லை. வகைக்கெழுச் சமன்பாடுகளிலேயே தலை நரைத்த பேராசிரியை ஒருவருக்குத்தான் மனசு கேட்கவில்லை. எந்தப் பாலத்துக்கும் தனக்கே உரிய சில அதிர்வெண்கள் உண்டு. அந்தப் பட்டியலுக்கு நிறமாலை என்று பெயர். அதில் ஒன்றோடு நம் நடை ஒத்துப்போனால் தீர்ந்தது கதை. மூன்று மாதம் கணக்குப் போட்டு அந்த ஒன்றைக் கண்டுபிடித்தார். மறுநாளே பாலத்தின் இரு முனையிலும் பலகை தொங்கியது: "நொடிக்குச் சரியாக இரண்டு அடி வைத்து நடக்காதீர்கள்."

அதுவரை யாரும் தன் நடையை எண்ணியதில்லை. இப்போது ஆளாளுக்குக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நடந்தார்கள். எதைச் செய்யக்கூடாது என்று தெரிந்துகொள்ள, அதை ஒருமுறை செய்துபார்க்க வேண்டுமே! கணிதத் துறையினர் கூட்டமாகவே வந்து சரிபார்த்தார்கள்.

பாலம் பேயாட்டம் ஆடியது.

காவலாளி மூச்சிரைக்க ஓடிவந்தார். "அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அந்தப் பலகையக் கழட்டிடலாம்மா! அது வர்றதுக்கு முன்னாடி இவ்வளவு ஆடினதே இல்ல."

பாலத்தின் நடுவே ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஏதோ குறித்துக்கொண்டிருந்த பேராசிரியை நிமிர்ந்து பார்த்தார்.

"கழட்டலாம், கழட்டலாம். அதுக்கு முன்னாடி இன்னும் பத்துப் பேரை வரச் சொல்லுங்க."