வேலிக்கு அந்தப் பக்கத்து மரம்

முதியோர் இல்லத்தின் சலவை அறையில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு நெல்டா வீடு திரும்பியபோது, பின்வேலிக்கு அந்தப் பக்கம், பின்தெருக்காரி டெல்ஃபினின் பெக்கான் கொட்டை மரத்தில் மஞ்சள் நாடா கட்டியிருந்தது. மரம் வெட்டுகிறவர்கள் அடையாளத்துக்குக் கட்டும் நாடா. காரை அணைக்காமல் அதையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் வந்தது சந்தோஷம்தான். அந்த மரத்தின் இலைகளை இத்தனை இலையுதிர்காலங்களில் தன் முற்றத்திலிருந்து வாரிக் கொட்டியவள் அவள். அப்புறம் கால்வலி நினைவுக்கு வந்தது. இறங்கி உள்ளே போனாள்.

அவளுடைய முற்றத்திலும் ஒரு பெக்கான் நிற்கிறது. இரண்டையும் நட்டவன் ஒரே ஆள்தான், அவள் புருஷன். ஹார்லன். இருபத்து நான்கு வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரியில், விரல் தடிமன் குச்சி ஒன்றைக் கொண்டுவந்து, டெக்சாஸின் இந்த வறண்ட மேற்குப் பக்கத்துச் சுண்ணாம்புத் தரையைக் கடப்பாரையால் இரண்டு நாள் குத்தி, இடுப்பளவு குழி வெட்டி நட்டான். ஆணிவேர் மடங்கிவிடக் கூடாது என்று அவளைக் குச்சியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னான். மூன்றாவது வருடம் தன் சட்டைகளை எடுத்துக்கொண்டு பின்தெருவில் இருந்த டெல்ஃபின் வீட்டுக்குப் போய்விட்டான். அடுத்த ஜனவரியில் அங்கேயும் ஒரு குச்சி நட்டான். வேலி இடுக்கு வழியாக அதை நெல்டா பார்த்தாள். இந்த முறை குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றது டெல்ஃபின்.

அதற்குப் பிறகு தண்ணீர் ஊற்றியது, துத்தநாகக் கரைசல் தெளித்தது, மழையில்லாத இரண்டு கோடைகளில் குளித்த தண்ணீரை வாளியில் தூக்கிக்கொண்டு போனது எல்லாம் நெல்டாதான். மரத்தின் மேல் பிரியம் என்று சொல்ல முடியாது. ஆரம்பித்த காரியத்தை அந்த வீட்டில் யாராவது ஒருவர் முடிக்க வேண்டியிருந்தது. பதினோராவது வருடம் மரம் காய்த்தது. அந்த நவம்பரில் கோட்டுப் பை நிறைய பெக்கான் பருப்போடு வேலைக்குப் போய், படுக்கையில் கிடந்த கிழவர்களின் கையில் ஆளுக்கு இரண்டாக வைத்தாள். அதில் ஒருவர் பல்லில்லாத வாயில் அதை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை சப்பிக்கொண்டிருந்தார். அன்றுதான் அவள் தன் மரத்தை முதன்முறையாக "என் மரம்" என்று ஒருவரிடம் சொன்னாள்.

நாடா கட்டிய இரண்டாம் நாள், புள்ளி விழுந்திருந்த தளிர் ஒன்றைக் காட்ட விவசாய ஆபீசுக்குப் போனாள். அங்கிருந்த இளைஞன் இலையைத் திருப்பிப் பார்த்து, பெரிய நோயில்லை என்றான். பக்கத்தில் வேறு பெக்கான் இருக்கிறதா என்று பேச்சுவாக்கில் கேட்டான். ஒன்று இருக்கிறது, வெட்டப்போகிறார்கள் என்றாள்.

"அப்ப உங்க மரமும் ஓய்ஞ்சமாதிரிதாம்மா," என்றான். "ஒரே மரத்துல ஆண்பூவும் பெண்பூவும் ஒண்ணா பக்குவத்துக்கு வராது. வேற ஜாதி மரத்துலேர்ந்து காத்துல தூள் வரணும். ஆறு இருக்கிற ஊர்னா காட்டுமரம் இருக்கும். நம்ம ஊர்ல எங்க போறது?"

அவள் காரில் வந்து உட்கார்ந்தாள். பதின்மூன்று வருடங்களாகத் தன் கையால் காய்த்தது என்று நினைத்திருந்தாள்.

அன்று மாலையே தெருவைச் சுற்றிக்கொண்டு போனாள். போவதா வேண்டாமா என்று யோசிக்கக்கூட உடம்பில் தெம்பில்லை. ஒருவேளை அதனால்தான் போக முடிந்தது. ஹார்லன் செத்து நான்கு வருடமாகிறது. அப்போதுகூட அவள் அந்தப் படி ஏறவில்லை.

டெல்ஃபின் கதவைத் திறந்தாள். நெல்டாவைவிட பத்து வயது இளையவள், ஆனால் நடை அவளுக்கும் தள்ளாடியது.

"மிஸ் நெல்டா," என்றாள். "யாராச்சும் செத்துட்டாங்களா?"

"இல்ல. உன் மரத்தைப் பத்திப் பேசணும்."

"எலை கொட்டுதுன்னு சண்டை போடறதுக்குன்னா புதன்கிழமை வரைக்கும் பொறுத்துக்கங்க. அன்னிக்கு வெட்டிடறாங்க."

நெல்டா நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். டெல்ஃபின் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கேட்டு முடித்ததும் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

"வேற வேற ஜாதியா பாத்து வாங்குற மூளை அந்த மனுஷனுக்கு ஏது?"

"கடையில எது மிச்சம் கெடந்துச்சோ அதை எடுத்துட்டு வந்திருப்பான்."

"எதையும் யோசிச்சு எடுத்தவன் இல்லையே."

"நம்ம ரெண்டு பேரையும் சேத்துதான்," என்றாள் நெல்டா.

டெல்ஃபின் அவளை உள்ளே கூட்டிப்போய்ப் படுக்கையறையைக் காட்டினாள். காற்றே இல்லாத ஒரு மத்தியானம், தொடை கனத்துக் கிளை ஒன்று முறிந்து கூரையைப் பொத்துக்கொண்டு இறங்கியிருந்தது. ஓட்டையில் நீலத் தார்ப்பாய். கட்டிலின் ஒரு பக்கம் நொறுங்கிக் கிடந்தது.

"அது அவன் படுக்கிற பக்கம். இருந்திருந்தான்னா தலையிலேயே விழுந்திருக்கும்."

"நான் ஒண்ணும் சொல்லலம்மா."

இம்முறை இருவருமே சிரித்தார்கள். ஆனால் அந்த ஓட்டையைப் பார்த்த பிறகு நெல்டாவால் எதையும் கேட்க முடியவில்லை. வருகிறேன் என்று திரும்பினாள்.

"பூ எப்ப தூள் கொட்டி முடியும்?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"மூணு வாரம் ஆகும்."

"மூணு வாரம் நான் சோபாவுல படுத்துக்கறேன். அதுக்கு மேல என் முதுகு தாங்காது. மரம் வெட்டுறவங்ககிட்ட நான் சொல்லிக்கறேன்."

"எனக்காக நீ எதுக்கு..."

"சமையக்கட்டு ஜன்னல்ல நின்னா நீங்க அந்த மரத்துக்கு வாளி தூக்குறதுதான் தெரியும். முதல் ரெண்டு வருஷம் திரையை இழுத்து விட்டு வச்சிருந்தேன்." டெல்ஃபின் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அப்புறம் அதைக் கழட்டிட்டேன். அவ்வளவுதான்."

இரண்டாவது வாரம் சாயங்காலம் ஒன்றில் பெரும்புயலுக்கு முன் வருகிற மாதிரி வானம் பச்சையடித்துப்போய் நின்றது. ஊரின் புயல் எச்சரிக்கைச் சங்கு ஊதுவதற்கு முன்பே நெல்டா காரை எடுத்துக்கொண்டு போய் டெல்ஃபின் வாசலில் நிறுத்தினாள்.

"கெளம்பு. தலைகாணியை எடுத்துக்க."

"எங்க?"

"என் வீட்டுக்கு. அந்தக் கூரைக்கடியில நீ செத்துக் கெடந்தா, ஊரே என்னைத்தான் சொல்லும்."

ஆலங்கட்டி முற்றத்துத் தகரக் கொட்டகை மேல் அரைமணி நேரம் கொட்டியது. இருவரும் சமையலறை மேஜையில் அவரைக்கூட்டும் சோளரொட்டியும் சாப்பிட்டார்கள். ஹார்லனைப் பற்றிப் பேச எவ்வளவோ இருந்தது. முட்டிவலிக்கு என்ன மாத்திரை எடுக்கிறாய் என்று ஒருத்தி கேட்டாள். மற்றவள் சொன்னாள். அது வயிற்றைப் புண்ணாக்கும் என்றாள் முதலாமவள். இடி நகர்ந்ததும் டெல்ஃபின் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். அவள் செருப்பு வார் வீங்கிய பாதத்தில் பதிந்திருப்பதைப் பார்த்து, நெல்டா சிரமப்பட்டுக் குனிந்து அதைக் கழற்றிவிட்டாள். தினமும் வேலையிடத்தில் யார் யாருக்கோ செய்வதுதான். எழுந்து நிமிர மேஜையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இரண்டு மரங்களும் நின்றன. நான்கு நாள் வெயிலடித்ததும் டெல்ஃபின் மரத்தில் சடைபோல் தொங்கிய ஆண்பூக்கள் தூள் விட்டன. கார்க் கண்ணாடி, கொடியில் காய்ந்த துணி, தபால் பெட்டி எல்லாவற்றின் மேலும் மஞ்சள் படிந்தது. நெல்டா இரண்டு நாள் விடாமல் தும்மினாள். துடைக்க மனசு வரவில்லை.

மே நடுவில் ஆட்கள் வந்தார்கள். மேலேயிருந்து துண்டு துண்டாக அறுத்துக் கயிற்றில் இறக்கினார்கள். கவையில் முழங்கை வரை உள்ளே போகுமளவுக்கு மரம் உளுத்திருந்தது. "இன்னொரு புயலைத் தாங்கியிருக்காதும்மா," என்றான் அவர்களில் ஒருவன். ரம்பச் சத்தம் தாங்காமல் டெல்ஃபின் இந்தப் பக்கம் வந்துவிட்டாள். நெல்டா தன் மரத்தில் தாழ்ந்த கொப்பு ஒன்றை வளைத்துக் காட்டினாள். நுனியில் அரிசி அளவில் மூன்று பச்சைப் பிஞ்சுகள்.

"நிக்குமா?"

"ஜூன்ல தெரியும். கொட்டினாலும் கொட்டும்."

"அடுத்த வருஷம்?"

நெல்டா வளைத்த கொப்பை மெல்ல மேலே விட்டாள்.

"நம்ம பக்கம் வேற ஒரு குச்சி வைக்கலாம்," என்றாள் டெல்ஃபின்.

"பத்து வருஷம் யாரு தண்ணி தூக்குறது?"

உள்ளே போய் உட்கார்ந்தார்கள். நெல்டா காப்பி ஊற்றினாள். வேலிக்கு அப்பால் பெரிய துண்டு ஒன்று தரையில் இறங்கிய அதிர்வில் கோப்பைகள் லேசாகக் குலுங்கின. மேற்கு ஜன்னல் வழியாக, இத்தனை வருடமும் அந்த மரம் மறைத்திருந்த வெயில், நேராக மேஜை மேல் வந்து விழுந்தது. அதில் கண்ணாடியின் அழுக்கு தெரிந்தது, மேஜையின் பழைய கீறல்கள் தெரிந்தன. கண் கூச டெல்ஃபின் நெற்றியில் கையை வைத்து மறைத்துக்கொண்டாள். நெல்டா எழுந்து திரையை இழுக்கப் போனவள், துணியின் ஓரத்தைக் கையில் பிடித்தபடி, இழுக்காமல், மரம் நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.