ஹெல்மற்றுக்குள் கூப்பிட்டது யார்?

"வண்டிப் பத்திரத்தையும் எடுங்கள்" என்றார் பொலிஸ்காரர்.

சாரதி அனுமதிப் பத்திரத்தை ஜனார்த்தன் கொடுத்தாகிவிட்டது. அது ஜக்கெற் பையில் இருந்தது. வண்டிப் பத்திரம் வேறு இடத்தில் இருந்தது. மோட்டார் சைக்கிளின் பின் சீட்டுக்கு அடியில்.

அந்தச் சீட்டைத் தூக்கினால் முதலில் தெரியப் போவது பத்திரம் அல்ல. ஒரு கறுப்புப் பெட்டி.

ஏப்ரல் மாதத்துக் காலை. மணி ஒன்பதே கால். சோலோதுர்னில் இருந்து பால்ம்பேர்க் மலைக்கு ஏறும் வீதியில் பனி கரைந்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. கராஜுக்குள் கிடந்த மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் வெளியே வரும் கிழமை. ஆகவே பொலிஸும் வெளியே வரும் கிழமை. வளைவு தாண்டி ஒருவர் முக்காலியில் லேசர் கருவியை வைத்துக்கொண்டு நின்றார். இன்னொருவர், நரைத்த மீசைக்காரர், ஜனார்த்தனுக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

ரேடாரை மோப்பம் பிடிக்கும் கருவியைச் சுவிசில் பாவித்தால்தான் குற்றம் என்றில்லை. வண்டியில் வைத்திருந்தாலே குற்றம். பறித்து நொறுக்குவார்கள், வழக்கும் போடுவார்கள். இது ஜனார்த்தனுக்கு மூன்று கிழமைகளாகத் தெரியும். தெரிந்துதான் ஓடித் திரிந்தான்.

அவன் ஜக்கெற் பையைத் தடவினான். பிறகு காற்சட்டைப் பையைத் தடவினான். இல்லாத இடத்தில் தேடுகிறவன் எவ்வளவு நேரம் தேடலாம்?

*

ஜனார்த்தன் ஸ்பிடெக்ஸ் வேலைக்காரன். வீடு வீடாகப் போய், நடக்க முடியாதவர்களைக் குளிக்க வார்த்து, மாத்திரை எடுத்துக் கொடுத்து, காலில் இறுக்கமான காலுறை மாட்டிவிடும் வேலை. காலுறைக்குப் பத்து நிமிடம், குளிப்புக்கு அரை மணித்தியாலம் என்று ஒவ்வொன்றுக்கும் நிமிடம் எழுதித் தருவார்கள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையிலான ஓட்டத்துக்கும் நிமிடம் உண்டு. அந்த நிமிடத்தில்தான் அவன் போன ஜூனில் மாட்டினான். ஐம்பதில் போக வேண்டிய இடத்தில் எழுபத்திரண்டு. பளிச்.

ஒரு மாதம் சாரதிப் பத்திரத்தைப் பறித்தார்கள். அந்த மாதம் அவன் மேட்டுக்குச் சைக்கிள் மிதித்தான். அவனுடைய வீடுகளில் பாதியை வேறு ஆட்களுக்குக் கொடுத்தார்கள். குறைந்ததை ஈடுகட்ட அவன் மனைவி சிவகலா, பேர்ண் ஆஸ்பத்திரிக் குசினியில் விடியற்காலை வேலையும் சேர்த்துச் செய்தாள். மேலாளர் பெண்மணி கோபிக்கவே இல்லை. வண்டி ஓட முடியாத ஆளுக்கு இந்த வேலையில் இடமில்லை என்று ஒரு தரம் சொன்னதோடு சரி. அடுத்த முறை பறித்தால் குறைந்தது நாலு மாதம். நாலு மாதம் என்றால் வேலை இல்லை.

மெதுவாக ஓடலாமே என்று கேட்பீர்கள். சிவகலாவும் கேட்டாள். மூன்றாம் நாளே அவனுக்கு மறந்துபோனது.

இந்த மார்ச்சில் வந்தான் நிலக்ஷன், லண்டனில் இருக்கும் சிநேகிதன். வில் நகரத்தில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கு வீட்டுக்கு வந்தவன், சூட்கேசைத் திறந்து, பட்டுச் சீலைகளுக்கு நடுவில் இருந்து உள்ளங்கை அளவில் ஒரு கருவியை எடுத்து நீட்டினான். அரை மைலுக்கு அப்பால் ரேடார் இருந்தாலும் கத்தும் என்றான்.

"இது இஞ்சை தடையெல்லோடா?" என்று ஜனார்த்தன் கேட்டான்.

"லண்டனில கடையில வைச்சு விக்கிறாங்கள் மச்சான். களவுச் சாமானைக் கடையில விப்பாங்களோ?"

அந்த நியாயம் ஜனார்த்தனுக்குப் போதுமாக இருந்தது.

ஆனால் கண்ணாடிக்குப் பக்கத்தில் அதைப் பூட்டினால் ஊரே பார்க்கும். சீட்டுக்கு அடியில் ஒளித்தால் வெளிச்சமும் தெரியாது, சத்தமும் கேட்காது. எண்பதில் போகும்போது காற்று போடும் சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காதே. ஒரே வழிதான் இருந்தது. ஹெல்மற்றுக்குள் வழி சொல்லுவதற்காகப் பூட்டிய இரண்டு ஸ்பீக்கர்கள் இருந்தன. கருவியில் ஹெட்போன் குத்தும் துளை இருந்தது. இரண்டுக்கும் நடுவில், கம்பி இல்லாமல் சத்தத்தை அனுப்பும் ஒரு சின்னச் சாமான் வேண்டும்.

அதற்கு மிதுஷாவை விட்டால் வேறு யார்? சிவகலாவின் தங்கை. சோலோதுர்னில் காது கேட்கும் கருவி விற்கும் கடையில், விடிந்தால் பொழுதுபட்டால் சத்தத்தை மனிதர் காதுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவள் தொழில்.

அவள் கருவியைப் புரட்டிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தாள்.

"அத்தான், இதை வைச்சிருக்கிறதே பிழை."

"ஆருக்குத் தெரியப் போகுது?"

"மெதுவா ஓடினால் இது தேவையில்லை."

"எனக்கு எழுதித் தாற நிமிசத்தில நீ ஒருக்கா ஓடிக் காட்டு பாப்பம்."

அவள் இன்னும் இரண்டு தரம் மறுத்தாள். அவனுக்கு ரோசம் வந்துவிட்டது. ஓல்டனில் ஒரு பெடியன் இருக்கிறான், அரை மணித்தியாலத்தில் செய்து தருவான், நாளைக்கே போகிறேன் என்று கருவியைத் தூக்கினான். மிதுஷா குசினிப் பக்கம் பார்த்தாள். அங்கே சிவகலா வேலைச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தபடியே கண்ணயர்ந்திருந்தாள்.

"தாங்கோ. நான் செய்யிறன்" என்றாள்.

வண்டி ஓர் இரவு அவளிடம் நின்றது. மறுநாள் சாவியைக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னாள். சீட்டைத் தூக்க வேண்டாம், எல்லாம் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் வண்டி பற்றரியோடு கொழுவி, தண்ணீர் போகாமல் ஒட்டியிருக்கிறது.

*

முதல் நாளே பெட்டி கூப்பிட்டது. லாங்கெண்டோர்ஃப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால், ஹெல்மற்றுக்குள் கூர்மையாக ஒரு பீப். ஜனார்த்தன் வேகத்தைக் குறைத்தான். சத்தம் நின்றது. ஒரு பொலிஸும் கண்ணில் படவில்லை. என்னமாய் ஒளிந்திருக்கிறார்கள் என்று வியந்தான்.

ரூட்டெனென் இறக்கத்தில் பீப். பெரிய பால் பண்ணைக்கு முன்னால் பீப். ஆள் நடமாட்டமே இல்லாத காட்டுப் பாதையில், காலை ஆறரைக்கு, பீப். இவங்கள் பற்றைக் காட்டுக்குள்ளும் ஆளை இருத்தி வைத்திருக்கிறாங்கள் என்று இரவுச் சாப்பாட்டில் சிவகலாவுக்குச் சொன்னான். அவள் சோற்றைப் பார்த்தபடி "ஓமோ" என்றாள்.

ஒவ்வொரு பீப்புக்கும் அவன் ஹெல்மற்றுக்குள் "நன்றியடா நிலக்ஷன்" என்று சொல்லப் பழகிக்கொண்டான். ஞாயிறு தோறும் லண்டனுக்குப் போன் எடுத்து அவனிடமே சொன்னான். நீதான்டா என்ரை வேலையைக் காப்பாத்திறாய் என்று ஒவ்வொரு தரமும் சொன்னான். நிலக்ஷன் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டான்.

ஒரு நாள் மட்டும் பெட்டி ஏமாற்றியது. வீதியோரத்தில் கண்ணுக்கு முன்னால், குளிர்சாதனப் பெட்டி அளவில் ஒரு சாம்பல் நிற ரேடார் பெட்டி நின்றது. அவன் நாற்பத்தெட்டில் கடந்தான். ஹெல்மற்றுக்குள் மூச்சே இல்லை. அன்று மாலை மிதுஷாவைக் கேட்டான். சில வேளை அதை நிப்பாட்டி வைச்சிருப்பினம் என்று சொல்லிவிட்டு, வாடிக்கையாளர் வந்ததாக அவசரமாகப் போனை வைத்தாள்.

மூன்று கிழமை. ஒரு கடிதம் வரவில்லை. ஒரு வெளிச்சம் மின்னவில்லை. வேடிக்கை என்னவென்றால், பிந்தி வந்தாய் என்று எந்த வீட்டிலும் ஒருவரும் முறையிடவும் இல்லை.

*

"சீட்டுக்கு அடியில் இருக்கிறதா?" என்று நரைத்த மீசைக்காரரே கேட்டார். முப்பது வருடம் இந்த வேலை பார்த்தவர் போலும். பத்திரங்கள் எங்கே இருக்கும் என்று தெரிந்திருந்தது.

ஜனார்த்தன் சாவியைப் போட்டுத் திருப்பினான். சீட்டு துள்ளித் திறந்தது. பெட்டிக்குக் கீழே பத்திரத்தின் நுனி தெரிந்தது. அதை உருவி நீட்டினான். பொலிஸ்காரரின் கண் பத்திரத்தில் நிற்கவில்லை.

"அது என்ன?"

ஜனார்த்தனுக்கு ஜெர்மன் நன்றாகத் தெரியும். குளிப்பு, மாத்திரை, வலி, கிழமைநாள் எல்லாவற்றுக்கும் சொல் தெரியும். அந்த நேரத்தில் ஒன்றும் வரவில்லை. காலை நாலரை ரெயினுக்குச் சிவகலா இருட்டில் சப்பாத்துத் தேடுவது மட்டும் கண்ணுக்குள் வந்தது. மறைத்துப் பயனில்லை, இனிச் சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தான். அது லண்டனில் இருந்து...

பொலிஸ்காரர் அதற்குள் ஒட்டுநாடாவை உரித்து மூடியைத் தூக்கிவிட்டார்.

உள்ளே லண்டன் கருவி இல்லை.

ஒரு வெள்ளைக் கைத்தொலைபேசி இருந்தது. இடது மூலையில் கண்ணாடி வெடித்த பழைய போன். அந்த வெடிப்பை ஜனார்த்தனுக்குத் தெரியும். போன தீபாவளிக்கு அவன் வீட்டுக் குசினியில் மிதுஷாவின் கையில் இருந்து விழுந்து வந்த வெடிப்பு. திரையில் சிவப்பு வட்டத்துக்குள் 80 என்று இருந்தது. அதற்குக் கீழே பெரிதாக ஒரு பூச்சியம்.

பொலிஸ்காரர் போனைக் கையில் எடுத்தார். ரேடார் இருக்கும் இடத்தைக் காட்டும் போன்களும் உண்டு, அவையும் தடைதான். அவர் விரலால் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் பார்த்தார். கடைசியில் அவர் தலையை ஆட்டினார். இது ரேடாரைச் சொல்லவில்லை, வீதிக்குரிய வேகத்தை ஓட்டுகிறவர் தாண்டினால் சத்தம் போடுகிறது, அவ்வளவுதான், அதற்குத் தடை இல்லை என்றார். யார் பூட்டியது என்று கேட்டார்.

"என்னுடைய மனைவியின் தங்கை" என்றான் ஜனார்த்தன். ஜெர்மன் திரும்பி வந்திருந்தது.

நேர்த்தியாகச் செய்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு, உரித்த ஒட்டுநாடாவைத் தன் பெருவிரலாலேயே திரும்ப அழுத்தி ஒட்டிக் கொடுத்தார். அன்று வந்த எல்லா மோட்டார் சைக்கிளையும் மறித்துப் பார்க்கிறார்களாம், இவனை அளந்த வேகம் எழுபத்தெட்டு. பத்திரமாகப் போய்வரச் சொன்னார்.

*

அடுத்த பேருந்துத் தரிப்பிடத்தில் ஜனார்த்தன் வண்டியை நிறுத்தினான். முதலில் கோபம்தான் வந்தது. மூன்று கிழமையாக ஒரு பெட்டை தன்னைப் பேய்க்காட்டியிருக்கிறாள். பெண்சாதியும் சேர்ந்து சோற்றைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள்.

பிறகு அன்று காலை கேட்ட பீப்புகளை எண்ணிப் பார்த்தான். பதினொன்று. பதினொரு பொலிஸ் என்று நினைத்திருந்தான். பதினொரு இடத்திலும் அதைக் கத்த வைத்தது அவன் ஒருவன்தான்.

பதினோராவது, அந்த வளைவுக்கு முன்னால் கேட்டது. அப்போது அவன் போனது நூற்றுப் பத்தில்.

அந்த வேகத்திலேயே வளைவைத் தாண்டியிருந்தால் பத்திரம் நாலு மாதத்துக்குப் போயிருக்கும். வண்டியை மெல்ல எடுத்து, காலுறைக்காகக் காத்திருந்த பழைய தபால்காரரின் வீட்டுக்குப் போனான். ஏழு நிமிடம் பிந்தியிருந்தது. தபால்காரர் வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் நேரத்தைப் பார்க்கவே இல்லை.

மதிய இடைவேளையில் கடைக்குப் போனான். மிதுஷா அவன் முகத்தைப் பார்த்ததும் கையில் இருந்த சின்னத் தூரிகையைக் கீழே வைத்தாள்.

"சீட்டைத் தூக்கிப் போட்டியளோ?"

"நான் தூக்கேல்லை. பொலிஸ் தூக்கினது."

அவள் அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். அவன் நடந்ததை முழுக்கச் சொன்னான். லண்டன் கருவி எங்கே என்று கேட்டபோது, கத்துகிற சத்தத்தை மட்டும் முதலில் பதிந்து எடுத்ததாகவும், பிறகு கருவியை உடைத்துப் பழைய வானொலிகள் போடும் கழிவுப் பெட்டிக்குள் போட்டதாகவும் சொன்னாள். வளைவில் நின்றது லேசர் என்று அவன் சொன்னதும் மெல்லத் தலையை ஆட்டினாள். அந்தச் சாமான் லேசருக்குக் கத்தி முடிக்கும் முன் பொலிஸ் அளந்து முடித்திருக்கும் என்றாள்.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே மிது."

"முதல் நாளே சொன்னனான், அத்தான். நீங்கள்தான் ஓல்டனுக்குப் போறன் எண்டியள்." அவள் குரல் இறங்கியது. "போயிருந்தால் இண்டைக்கு அந்தப் பெட்டிக்குள்ள அதுதான் இருந்திருக்கும். அக்கா திரும்பவும் நாலரை ரெயினுக்கு ஓடியிருப்பா."

ஜனார்த்தன் மேசையில் கிடந்த காதுக் கருவி ஒன்றை எடுத்து, பார்த்து, திரும்ப வைத்தான். ஏதாவது பெரிதாகச் சொல்ல வேண்டும் போல் இருந்தது.

"மூண்டு கிழமையா நான் லண்டனுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தனான்" என்றான்.

"தெரியும். அக்கா சொன்னவா. எங்களுக்குச் சிரிப்பை அடக்கேலாமல் போச்சு."

"அதெல்லாம் உனக்குச் சொன்னதெண்டு வைச்சுக்கொள்." ஹெல்மற்றை மற்றக் கைக்கு மாற்றினான். "நீ இல்லாட்டில் இண்டைக்கு நான் முடிஞ்சன் பிள்ளை."

அவள் தூரிகையை எடுத்து, துடைத்ததையே திரும்பத் துடைத்தாள். பெட்டியைக் கழற்றித் தரவா என்று கேட்டாள். அவன் வேண்டாம் என்றான். ஒன்றை மட்டும் மாற்றச் சொன்னான். அந்தப் பீப் வேண்டாம், இனி யாரையும் நினைத்து ஏமாற முடியாது, நீயே கதை என்றான். காது சோதிக்கும் சத்தமில்லா அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அவள் தன் குரலைப் பதிந்தாள். வெளியே நின்ற அவனுக்கு உதடு அசைவது மட்டும் கண்ணாடிக்குள்ளால் தெரிந்தது.

பின்னேரம் ரூட்டெனென் இறக்கத்தில் முள் ஐம்பத்து மூன்றைத் தொட்டது.

"அத்தான், ஆருக்கு இப்ப அவசரம்?" என்றது ஹெல்மற்.

"ஒருத்தருக்கும் இல்லை" என்று சொல்லி அவன் கையைத் தளர்த்தினான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லண்டன்தான் முதலில் எடுத்தது. சாமான் எப்படி வேலை செய்கிறது என்று நிலக்ஷன் கேட்டான். ஜனார்த்தன் சாப்பாட்டு மேசையைப் பார்த்தான். சிவகலா அவசரமாகச் சோற்றுக்குள் குனிந்தாள். அவன் போனை மிதுஷாவிடம் நீட்டினான்.

"செய்த ஆள் இஞ்சை இருக்கிறா மச்சான். அவவோட கதை."

மிதுஷா கறிக் கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள்.

"நல்லா வேலை செய்யுது அண்ணை" என்றாள். "ஆனால் அடுத்தமுறை வரேக்க சீலை மட்டும் கொண்டு வாங்கோ."