கம்பி எண்ணும் தங்கை

கம்பி எண்ணுவதுதான் என் பிழைப்பு. சிறையில் இல்லை, பாலத்தில்.

இந்த ஆற்றுப் பாலத்தை வடிவமைத்தவள் நான். வழக்கமான கம்பியைவிட ஒன்றரை மடங்கு வலுவான கம்பி. வலு கூடினால் எண்ணிக்கை குறையும். நடுவே காங்கிரீட் தாராளமாக இறங்கும். பெரிய பொறியாளர்கள் என் கணக்கைக் குடைந்து பார்த்து, குறை கிடைக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். நம்பாதவர் ஒருவர்தான். கம்பி கட்டும் ஒப்பந்தக்காரர், என் கூடப்பிறந்த அண்ணன்.

காங்கிரீட் போட வேண்டிய காலையில், தூணின் தலையில் உட்காரும் உத்தரத்தைப் பார்க்க ஏறினேன். மேல் வரிசையில் பத்துக் கம்பி இருக்க வேண்டும். பதினாறு இருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"அண்ணா, இது யார் வேலை?"

"நான்தான். பாக்க எல்லாம் ஒரே கம்பி மாதிரிதான் இருக்கு பாப்பா. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா கம்பி எண்ணப் போறது நீதானே? கூட ஆறு போட்டா என்ன, குடியா முழுகிடும்?"

"முழுகும்."

கீழே அவருடைய ஆட்கள் அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள். காங்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் ஊசியை வாங்கி, கம்பிகளுக்கு நடுவே விட்டேன். நுழையவில்லை.

"ஊசியே போகலன்னா காங்கிரீட் எப்படிப் போகும்? உள்ள பொத்தலா நிக்கும்."

"சின்ன ஊசி போட்டுக்கலாம்," என்றார். அவர் மீசையில் மண்ணே ஒட்டாது.

"சரி, ஆபத்து வந்தா நீ என்ன பண்ணுவே?"

"கம்பி நீட்டிடுவேன்." கீழே ஒரே சிரிப்பு.

"அதேதான். பாரம் மிஞ்சினா முதல்ல கம்பி நீளணும். விரிசல் விட்டு, உத்தரம் தொங்கி, ஓடுங்கன்னு காட்டிக் குடுக்கணும். அளவுக்கு மேல திணிச்சா கம்பி நீளாது. காங்கிரீட் சொல்லாம கொள்ளாம நொறுங்கிடும். கம்பி நீண்டாத்தான் அண்ணா, ஜனங்க கம்பி நீட்ட முடியும்."

சிரிப்பு நின்றது. அண்ணன் ஒரு கம்பியைத் தட்டிப் பார்த்துவிட்டு, கீழே நின்ற ஆட்கள் பக்கம் திரும்பினார்.

"கூடப் போட்டதை எல்லாம் உருவுங்கடா!"

தன் ஆட்கள் முன்னால் தன் வேலையைத் தானே பிரிக்கச் சொல்வது லேசா? அந்த நிமிடம் அவரை எனக்கு ரொம்பப் பிடித்தது.

பாலம் முடிந்தது. மணல் லாரிகளை வரிசையாக மேலே நிறுத்திச் சோதிக்கும் நாள். எல்லாரும் கரையில் தள்ளி நின்றோம். அண்ணனைக் காணவில்லை. தேடினால், அதே உத்தரத்துக்கு நேர் கீழே தூணில் சாய்ந்து நிற்கிறார்.

"அறிவிருக்கா? அங்க நிக்கக் கூடாது, வெளிய வா!"

"உன் கணக்குக்குக் கீழதான் பாப்பா நிக்கிறேன். இன்னைக்கு நான் கம்பி நீட்டுறதா இல்ல."

வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன். தலைக்கு மேலே கடைசி லாரி வந்து நின்றது.