தையல்காரர் தரையிறங்கிய நேரம்

அட்டவணைப்படி தையல்காரரின் ஊருக்கும் அவர் மகளின் ஊருக்கும் இடையே பதினோரு மணி நேர விமானப் பயணம். ஒரே விமானத்தில் அடுத்தடுத்த இருக்கையில் போனவர்களில், தையல்காரரின் மனைவி நாற்பது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தாள். தையல்காரர் நான்காம் நாளும் வானத்திலேயே இருந்தார். விமான நிறுவனம் இதைக் கோளாறாகக் கருதவில்லை. பயணியின் மனத்தைப் பொறுத்துத் தூரம் கூடும், குறையும் என்று டிக்கெட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். காதலனைப் பார்க்கப் போனவர்கள் இருக்கை வாரை மாட்டுவதற்குள் இறங்கிவிடுவார்கள். மேலதிகாரியைப் பார்க்கப் போன ஒருவர் முழங்கால்வரை தாடியோடு வந்து இறங்கினார்.

தையல்காரரின் மனம் முரண்டு பிடித்ததற்குக் காரணம் மருமகன். ஊருக்கே அளவெடுத்துத் தைத்தவரின் ஒரே மகள், சொல்லாமல் கொள்ளாமல் ரெடிமேட் கடை விற்பனையாளனைக் கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து அவனை அவர் 'மீடியம் சைஸ்' என்றுதான் குறிப்பிடுவார். இப்போது மகளுக்கு வலி எடுத்துவிட்டது. அப்பா வராமல் பெற்றுக்கொள்ள மாட்டேன் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். இனியும் அடக்கினால் குழந்தைக்கு ஆபத்து என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

மேலே, கூட வந்தவர்கள் இறங்கி, புதியவர்கள் ஏறி, அவர்களும் இறங்கியாயிற்று. பொழுது போகாமல் தையல்காரர் விமானத்தின் திரைச்சீலை அத்தனைக்கும் ஓரம் தைத்து முடித்திருந்தார். அப்போதுதான் பணிப்பெண் வந்தாள்.

"ஐயா, கீழேருந்து உங்க வீட்டம்மா சொல்லச் சொன்னாங்க. பேத்தி பொறந்தாச்சாம். உங்கள மாதிரியே மூஞ்சியச் சுளிக்கிறாளாம்."

தையல்காரர் விருட்டென்று எழுந்தார். எழுந்த வேகத்தில் பயண நேரம் பூஜ்ஜியத்துக்கும் கீழே இறங்கிப்போனது. குழந்தை பிறப்பதற்கு அரை மணி முன்னதாகவே, கையில் ஊசியோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றார். நகம் கடித்துக்கொண்டிருந்த மருமகன் பதறி எழுந்தான்.

"மாமா, எப்ப வந்தீங்க?"

"இப்பதான். வழியில கூட்டமில்ல." கொஞ்சம் தயங்கினார். "பயப்படாதீங்க மாப்பிள்ள. பொண்ணுதான். ரெண்டு பேரும் நல்லா இருப்பாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பிளேன்ல சொன்னாங்க."

மருமகனின் சட்டை தோளில் ஒரு விரல் அளவு தொங்குவதைக் கண்டும் மாமனார் வாயைத் திறக்கவில்லை. தொண்டையை மட்டும் செருமிக்கொண்டார். உள்ளே மகளுக்கு அந்தச் செருமல் போதுமாயிருந்தது. கடித்த பல்லை விட்டாள். அரை மணியில் குழந்தை வீறிட்டது.

நர்ஸ் குழந்தையை வெளியே தூக்கிப் போக, மகள் பக்கத்தில் இருந்த தாய் விமான நிலையத்துக்குப் போன் போட்டாள். பேத்தி பிறந்த சேதியை மேலே இருக்கும் தன் வீட்டுக்காரருக்குச் சொல்லும்படி கேட்டுக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி கதவைத் திறந்தாள். வீட்டுக்காரர் பேத்தியோடு நின்றுகொண்டிருந்தார்.

அவள் நேரே அவர் கையைப் பார்த்தாள்.

"தலையத் தாங்கிப் பிடிங்க. துணிய மடிச்சுத் தூக்குற மாதிரியா தூக்குறது?" என்று குழந்தையை வாங்கிக்கொண்டாள்.